நூறு மணி நேர கேமை இரண்டாவது தடவை ஆடுகிறவர்களுக்கு

விட்சர் 3 என்ற ஆர்பிஜியை (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் நீண்ட வீடியோ கேமை) மறுபடி எடுத்தால், தொடக்கப் பகுதியான ஒயிட் ஆர்ச்சர்டு முடியும் வரை ஜோராகப் போகும். அடுத்த பகுதியான வெலனின் வரைபடம் திறந்து, இன்னும் பார்க்காத இடங்களைக் காட்டும் கேள்விக்குறிகள் நிறைந்து நிற்பதைப் பார்த்ததும் கை தளர்ந்துவிடும். ஸ்கைரிமில் லெவல் 25-ஐ ஒட்டி இந்தத் தளர்ச்சி வரும். பால்டர்ஸ் கேட் 3-இல் மூன்றாம் அங்கத்தில் நகரத்துக்குள் கால் வைத்ததும் வரும். பெர்சோனா 5 ராயலில் இரண்டாவது பேலஸுக்கு (எதிரியின் கோட்டைக்கு) முன்பே வந்துவிடும். கேமுக்குக் கேம் இடம் மாறினாலும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதல் ஆட்டத்தில் நம்மை இழுத்துக்கொண்டு போவது தெரியாமை. அந்தக் குகைக்குள் என்ன இருக்கும், அந்த ஆள் சொல்வது உண்மையா, அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்ற ஆவல்தான் நடக்கிற தூரத்தையும் சுமக்கிற சாமானையும் பொறுத்துக்கொள்ள வைக்கிறது. இரண்டாவது ஆட்டத்தில் ஆவல் போய்விடும். நடக்கிற தூரமும் சுமையும் அப்படியே இருக்கும். மிஞ்சுவது மூன்று விஷயங்கள்: சண்டை முறை, எடுக்கிற முடிவுகள், பாத்திரங்கள். இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைத் திட்டமிட்டவர்கள் முடிக்கிறார்கள். முதல் தடவை மாதிரியே மூலை முடுக்கெல்லாம் பெருக்கிக்கொண்டு போகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். கதை தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் கர்ண மோட்சம் என்றால் பாயை எடுத்துக்கொண்டு வந்து விடிய விடிய உட்காருவார்கள். இன்றைக்கு யார் கர்ணன் வேஷம், கட்டியக்காரன் எப்படி என்பதுதான் பேச்சு. வில் வளைப்பு ஓர் இரவு, பகடை துகில் ஓர் இரவு, பதினெட்டாம் போர் ஓர் இரவு. எல்லா இரவும் வந்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. தனக்குப் பிடித்த இரவுக்கு வந்தால் போதும். நீண்ட ஆர்பிஜியின் இரண்டாம் ஆட்டத்தையும் இப்படித்தான் அணுக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த இரவுக்காக வந்திருக்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அதை ஒரு வரிக் கேள்வியாக எழுதிவிடுங்கள். "இந்தத் தடவை கெட்டவனாக ஆடிப் பார்க்கிறேன்" என்பது கேள்வி ஆகாது. அதில் பிடிமானம் இல்லை. "பால்டர்ஸ் கேட் 3-இன் டார்க் அர்ஜ் பாத்திரம் தன் கொலைவெறியை எதிர்த்து நின்றால், ஐசபெலைக் கொல்லச் சொல்லும் இடத்துக்குப் பிறகு கூடாரத்தில் என்ன நடக்கும்?" என்பது கேள்வி. எந்த இடம் வரை போக வேண்டும், வழியில் எவையெல்லாம் வேண்டாம் என்பதை அதுவே சொல்லிவிடும். விட்சர் 3-க்கு ஒன்று: விஸ்பரிங் ஹில்லாக் மரத்துக்குள் அடைபட்ட ஆவியைப் போன தடவை கொன்றிருந்தால் இந்தத் தடவை விடுவித்துப் பாருங்கள். கொன்றால் சதுப்பு நிலத்து அநாதைக் குழந்தைகள் போய்விடுவார்கள். வெலனை ஆளும் 'பிளடி பேரன்' (Baron, பிரபு) தன் மனைவியை வைத்தியத்துக்கு அழைத்துக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்புவான். விடுவித்தால் குழந்தைகள் பிழைப்பார்கள், ஒரு கிராமம் அழியும், பேரன் வீட்டில் தூக்குக் கயிறு தொங்கும். மரத்திடம் பேசுவதற்கு முன்னால் தனி சேவ் ஒன்று வைத்துக்கொண்டால் இந்தப் பகுதியை மட்டுமே ஒரு வாரக் கடைசியில் முழு ஆட்டமாக ஆடிவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கெட்ட வழியில் போகிற ஆட்டங்கள் பாதியில் நிற்பதற்கு மனசாட்சி மட்டும் காரணமில்லை. பெரும்பாலான கேம்களில் கெட்ட முடிவு என்பது கதவை மூடுகிற முடிவு. பால்டர்ஸ் கேட் 3-இல் முதல் அங்கத்தில் காப்லின்களோடு சேர்ந்து தோப்பை அழித்தால் துணைவர்களான வில் (Wyll), கார்லாக் இருவரும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள், ஹால்சினும் கிடைக்கமாட்டார். தோப்பில் தங்கியிருக்கும் அகதிகளைச் சுற்றி இரண்டாம் அங்கத்தில் இருக்கும் வேலைகளும் அத்தோடு போயின. பதிலுக்கு மின்தாரா கிடைப்பாள், ஆனால் உலகம் காலியாக இருக்கும். இரண்டாவது ஆட்டத்துக்கு டார்க் அர்ஜ்-ஐ எடுத்து, வெறியை அடக்குகிற வழியில் போவதே மேல். பழைய கதவுகள் பலவும் திறந்திருக்கும், புதிய காட்சிகளும் வரும்.

அடுத்தது தொடக்கம். ஆடத் தெரிந்தவருக்கு மறுபடி ஆடக் கற்றுக்கொடுக்கிற முதல் சில மணி நேரம் பெரிய தொல்லை. சில கேம்களே வழி வைத்திருக்கின்றன. ஆப்லிவியனில் சாக்கடை வாசலில் வெளியே போகுமுன் இனம், வகுப்பு, பிறப்பு ராசி எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கும். ஃபால்அவுட் 4-இல் வால்ட் 111 லிஃப்ட்டில் ஏறும்போது கேட்கும். நியூ வேகாஸில் குட்ஸ்பிரிங்ஸ் எல்லையைத் தாண்டும்போது கேட்கும். இந்த மூன்றிலும் அந்த இடத்துக்கு ஓர் அடி முன்னால் சேவ் செய்து, "வாசல்" என்று பெயர் வைத்து, எந்தக் காலத்திலும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை புது ஆட்டம் வேண்டுமானாலும் அதிலிருந்தே தொடங்கலாம். ஸ்கைரிமில் ஹெல்கன் வண்டிப் பயணத்தைத் தாண்ட, வேறு இடத்தில் வேறு ஆளாகத் தொடங்க வைக்கும் மோட் (ரசிகர்கள் செய்த கூடுதல் இணைப்பு) இருக்கிறது. 'லிவ் அனதர் லைஃப்' என்று தேடினால் வரும். விட்சர் 3-இன் முதன்மை மெனுவில் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், பிளட் அண்ட் வைன் என்ற கூடுதல் கதைகள் இரண்டையும் தனித்தனியாகத் தொடங்கலாம். தேவையான லெவலும் சாமானும் கொண்ட கதாநாயகன் கெரால்ட்டை அதுவே கொடுக்கும். பிளட் அண்ட் வைனில் வரும் டூசான் திராட்சைத் தோட்டங்களுக்காக மட்டும் ஏங்குகிறவர் வெலன் சேற்றை மிதிக்க வேண்டியதே இல்லை. சைபர்பங்க் 2077-இலும் ஃபேன்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதைக்கு நேராகத் தாவும் வசதி உண்டு. மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷனில் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கினால், முதல் பாகத்து முக்கிய முடிவுகளை ஒரு சித்திரக்கதை வழியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பால்டர்ஸ் கேட் 3-இல் இந்த மாதிரிக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் கூடாரத்தில் இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரம் 100 காசுக்கு வகுப்பையும் எண்களையும் மாற்றிக் கொடுப்பார். இனத்தையும் ஆரிஜினையும் (பாத்திரத்தின் பின்கதையையும்) மாற்ற முடியாது. ஆகவே அவற்றில் மட்டும் நிதானமாக யோசித்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, வகுப்பைப் பற்றிக் கவலைப்படாமல் கப்பலை விட்டு இறங்கலாம்.

இனி நடுப்பகுதி. ஆட்டங்கள் செத்துப்போவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

விட்சர் 3-இல் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் லெவலை விட 6 அல்லது அதற்கு மேல் குறைவான குவெஸ்ட் (கேம் கொடுக்கும் வேலை) சாம்பல் நிறமாகிவிடும். அதற்குக் கிடைக்கும் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) மிகவும் சொற்பம். கையில் கிடைத்த சைடு வேலைகளையெல்லாம் முடித்துக்கொண்டே போனால் லெவல் ஏறி மெயின் குவெஸ்டே சாம்பலாகிவிடும். சண்டையும் சப்பென்று இருக்கும், கூலியும் வராது. "கேம் சலித்துவிட்டது" என்று சொல்கிறவர்கள் பலர் உண்மையில் இந்தக் குழியில்தான் விழுந்திருப்பார்கள். இரண்டாவது ஆட்டத்தில் மெயின் குவெஸ்ட்டின் லெவலைக் கண்ணில் வைத்து, அதைவிட மூன்று நான்கு லெவலுக்கு மேல் ஏறாமல் நகருங்கள். வரைபட ஃபில்டரில் கேள்விக்குறிகளை அணைத்துவிடுங்கள். ஸ்கெல்லிகே கடலில் மிதக்கிற குறிகள் பெரும்பாலும் கடத்தல்காரர்களின் பெட்டிகள். முதல் ஆட்டத்தில் படகை விட்டுப் பொறுக்கியவருக்கு மறுபடி அங்கே ஒன்றும் இல்லை. அமைப்புகளில் எதிரிகளை உங்கள் லெவலுக்கு உயர்த்தும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் சண்டைக்கு உயிர் வரும். ஆனால் நாய்க் கூட்டமும் ஓநாய்க் கூட்டமும்கூட ஆளைத் தூக்கி எறியும். வழிப்பயணம் எரிச்சலாகிறது என்றால் அணைத்துவிட்டு, மெயின் சண்டைகளுக்கு மட்டும் போடுங்கள். நியூ கேம் பிளஸ் (முடித்த ஆட்டத்தில் சேர்த்தவற்றோடு மறுபடி தொடங்கும் முறை) என்றால் ஆட்டம் குறைந்தது லெவல் 30-இல் தொடங்கும். க்வென்ட் சீட்டுகளும் குவெஸ்ட் பொருட்களும் கூட வராது. சீட்டு விளையாட்டுக்காகவே மறுபடி வருகிறவருக்கு இதுவே நல்ல செய்தி: சீட்டுக் கட்டை முதலிலிருந்து சேர்க்கலாம்.

ஸ்கைரிமில் நடுப்பகுதிச் சலிப்புக்கு வேறு காரணம். எந்த எண்ணத்தோடு தொடங்கினாலும் கடைசியில் ஒளிந்திருந்து அம்பு விடுகிறவராகவே முடிகிறோம். காரணம் எண்களில் இருக்கிறது. ஒளிந்து விடும் அம்புக்கு 2 மடங்கு சேதம், ஒரு பெர்க் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறன்) போட்டால் 3 மடங்கு. ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. கேம் நம்மை அந்தப் பக்கம் தள்ளுகிறது, நாமும் போகிறோம். இதைச் சரிசெய்ய டிஃபிகல்ட்டியை (கேமின் கடின நிலையை) ஏற்றுகிறவர்கள் இன்னும் மோசமான இடத்தில் சிக்குகிறார்கள். அடெப்ட் நிலையில் அடிப்பதும் வாங்குவதும் 1 மடங்கு. மாஸ்டரில் நீங்கள் அடிப்பது பாதி, வாங்குவது 2 மடங்கு. லெஜண்டரியில் அடிப்பது கால் பங்கு, வாங்குவது 3 மடங்கு. எதிரி புத்திசாலி ஆவதில்லை. சாக நேரம்தான் அதிகம் எடுக்கிறான். நேருக்கு நேர் சண்டை தாங்காது என்று மறுபடி வில்லையே எடுப்பீர்கள். டிஃபிகல்ட்டியை அடெப்ட் அல்லது எக்ஸ்பர்ட்டில் விட்டு, தொடக்கத்திலேயே கையைக் கட்டிக்கொள்வதுதான் வேலை செய்யும்: ஸ்னீக் (ஒளிந்து நகரும்) திறன் மரத்தில் ஒரு பெர்க்கும் கிடையாது, அம்பு பொறுக்குவது கிடையாது. ஒளிந்துதான் ஆட வேண்டும் என்றால் கத்தியை எடுங்கள். உரிய பெர்க்கோடு ஒளிந்து குத்தினால் 15 மடங்கு சேதம், ஆனால் மூச்சுக் காற்று படுகிற தூரத்துக்குப் போயாக வேண்டும். அந்த நெருக்கமே ஆட்டத்தை மாற்றிவிடும். சர்வைவல் மோடும் நல்லது, குளிரும் பசியும் பாதையை முடிவு செய்யும். வேகப் பயணம் நின்றுவிடும் என்பதால் குறைந்த நேரம் கிடைக்கிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

மோட்களைப் பற்றி ஒரு வார்த்தை. இருநூறு மோட் அடுக்கி, எது எதோடு மோதுகிறது என்று பார்ப்பதிலேயே ஆசை தீர்ந்துவிடும். இந்த ஆட்டத்தின் கேள்விக்கு உதவுகிற ஐந்தாறு போதும். ஆட்டத்தின் நடுவில் ஸ்கிரிப்ட் உள்ள மோட்டைக் கழற்றாதீர்கள். அதன் எச்சம் சேவ் கோப்பிலேயே தங்கி, பிறகு கிராஷ் ஆகும். டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு மோட்டைத் தயங்காமல் சொல்வேன்: மந்திரவாதிகள் கோபுரத்தில் வரும் ஃபேட் என்ற கனவுலகப் பகுதியைத் தாண்ட வைப்பது. ஆறு ஆரிஜின்கள் இருக்கும் கேம் அது. ஒவ்வொன்றின் தொடக்கமும் வேறு, நடுவில் ஃபேட் எல்லாருக்கும் ஒன்றே. டிராகன் ஏஜ் இன்க்விசிஷனில் மோட்டே வேண்டாம், தொடக்கத்தில் வரும் பெரிய பகுதியான ஹின்டர்லாண்ட்ஸை விட்டு சீக்கிரம் வெளியேறினாலே பாதி நோய் போய்விடும்.

ஜப்பானிய ஆர்பிஜிக்களில் நடுப்பகுதிக்கு வேக பொத்தானே மருந்து. ஃபைனல் ஃபேன்டஸி 12 சோடியாக் ஏஜில் 2 மடங்கு, 4 மடங்கு வேகம் உண்டு. அதன் பழைய பாகங்களைப் புதுப்பித்த பிக்சல் ரீமாஸ்டர்களில் திடீர்ச் சண்டைகளையே அணைக்கலாம். பெர்சோனா 5 ராயலின் நியூ கேம் பிளஸில் அறிவு, துணிச்சல் போன்ற சமூகத் திறன்கள், பணம், பெர்சோனா தொகுப்பு எல்லாம் கூட வரும். நண்பர்களின் ரேங்க் மட்டும் முதலிலிருந்து. திறன் வளர்க்க இரவுகளைச் செலவிட வேண்டாம் என்பதால், போன தடவை கவனிக்காமல் விட்டவர்களோடு அந்த இரவுகளைக் கழிக்கலாம். கதையின் கடைசியில் வரும் மூன்றாம் பருவம் வேண்டுமானால் பள்ளி ஆலோசகர் மருகியின் ரேங்க் 9-ஐ நவம்பர் 18-க்குள் முடித்தாக வேண்டும். அது தெரியாமல் ஆடி முடித்தவர்களுக்கு இரண்டாவது ஆட்டத்தின் கேள்வியே அதுதான்.

பார்ட்டியை (கூட வரும் துணைவர் குழுவை) மாற்றுவது பலரும் மறக்கிற வழி. பால்டர்ஸ் கேட் 3-இல் தன் வகுப்பை மட்டும் மாற்றிவிட்டு, பழைய மூவரையே கூட்டிக்கொண்டு போனால் வசனங்களும் பழையவையே. முதல் ஆட்டத்தில் கூடாரத்திலேயே உட்கார்ந்திருந்தவர்களை இந்தத் தடவை வெளியே அழைத்துப் போங்கள். 2025 ஏப்ரலில் வந்த 8-ஆம் பேட்ச் (கேமின் புதுப்பிப்பு) 12 புது துணை வகுப்புகளைச் சேர்த்தது. அதற்கு முன் ஆடி முடித்தவருக்கு விஸார்டின் பிளேட்சிங்கரும் ரோக்கின் ஸ்வாஷ்பக்ளரும் நிஜமாகவே புது சண்டை. ஹானர் மோடை இரண்டாவது ஆட்டத்துக்கு நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு சேவ் என்பதால் முடிவுகளைச் சோதித்துப் பார்க்கிற சுதந்திரம் போய்விடும், பயந்து பயந்து பழைய பாதையிலேயே நடப்பீர்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு அது பொருந்தும்.

இனி நேரத்தைப் பற்றி. ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ ராணிப்பேட்டை தொழிற்சாலையிலோ ஆஸ்பத்திரியிலோ ஷிஃப்ட் பார்க்கிறவருக்கும், காட்பாடியிலிருந்து தினம் சென்னைக்கு ரயில் பிடிக்கிறவருக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த ஒரு மணியில் முதல் இருபது நிமிஷம் சாமான் விற்பதிலும் பை ஒதுக்குவதிலும் போனால், நாலாவது நாள் கேமைத் திறக்கவே தோன்றாது. ஆகவே ஒதுக்குகிற வேலையை ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷத்துக்குத் தள்ளுங்கள். விற்க வேண்டியதை விற்று, மருந்து வாங்கி, அடுத்த இடத்தின் வாசலில் நின்று சேவ் செய்து மூடுங்கள். நிறுத்தும்போது ஒரு பெரிய முடிவுக்கு முன்னால் நிறுத்துவது நல்லது. முடிவெடுத்த பிறகு நிறுத்தினால் மனசு திருப்தியாகித் திரும்ப வர நாளாகும்.

கூடவே போனில் ஒரு குறிப்பு. இப்படி இருந்தால் போதும்:

"லெவல் 7. இரண்டாம் அங்கம். லாஸ்ட் லைட் விடுதி, ஐசபெல் உயிரோடு. மூன்ரைஸ் போயாச்சு, யாரோடும் சண்டை இல்லை. ஷேடோஹார்ட் லைஃப் டொமைனுக்கு மாற்றியாச்சு. கேலிடம் ஃபயர்பால் ஸ்க்ரோல் இருக்கு. அடுத்தது: காண்ட்லெட் ஆஃப் ஷார் வாசல். கேள்வி: அர்ஜை எதிர்த்தால் என்ன ஆகும்?"

மூன்று வாரம் கழித்து திறக்கும்போது பொத்தான்கள் மறந்திருக்கும், யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இந்த ஐந்தாறு வரி இல்லாமல் அப்போது பலர் செய்வது புது ஆட்டம் தொடங்குவது. மறுபடி அதே தொடக்கம், அதே சலிப்பு. குறிப்பைப் படித்துவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன சண்டையை ஆடிக் கை பழகிக்கொண்டு வாசலுக்குள் போங்கள்.

வேலூர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் பகலில், ஏசி இல்லாத அறையில் லேப்டாப் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரை தடுமாறும், காற்றாடிச் சத்தத்தில் வசனம் கேட்காது. அதை கேமின் சலிப்பு என்று நினைத்துவிடுவோம். 60 ஹெர்ட்ஸ் திரையாக இருந்தால் ஃப்ரேமை நொடிக்கு 30-க்கும், 120 ஹெர்ட்ஸாக இருந்தால் 40-க்கும் கட்டுங்கள்; இரண்டும் திரையோடு சரியாக வகுபடும், ஓட்டம் சீராக இருக்கும். முறை வைத்து அடிக்கும் சண்டைகளுக்கு 30 தாராளம். சித்திரை வைகாசியில் பால்டர்ஸ் கேட், டிஸ்கோ எலிசியம் மாதிரியானவற்றை வைத்துக்கொண்டு, எல்டன் ரிங்கை மார்கழிக்குத் தள்ளலாம். டிஸ்கோ எலிசியம் இரண்டாம் ஆட்டத்துக்கென்றே செய்த மாதிரி: 24 திறன்களும் ஆளாளுக்கு உங்களோடு பேசும். போன தடவை மூளைக்குக் கொடுத்த புள்ளிகளை இந்தத் தடவை உடம்புக்குக் கொடுத்தால் தலைக்குள் பேசும் குரல்களே மாறிவிடும். நீளமும் மற்றவற்றில் பாதி கூட இல்லை.

கரண்ட் போகிற ஊர்களில் ஸ்கைரிமின் ஆட்டோசேவை 5 நிமிஷத்துக்கு வையுங்கள். 600 விஏ யுபிஎஸ் கேமிங் பிசியைச் சில நிமிஷம்தான் தாங்கும். அந்த நேரம் சேவ் செய்து மூடுவதற்கு, பாஸ் சண்டையை முடிப்பதற்கு இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பேப்பரில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் கேம் முடியாவிட்டாலும் நிறுத்தலாம். பால்டர்ஸ் கேட் 3-க்கு மட்டும் 150 ஜிபி வேண்டும், வேறு கேமுக்கு இடம் தேவைப்படும். அழிக்குமுன் சேவ் கோப்புகளைத் தனியாக எடுத்து வையுங்கள். விட்சர் 3-இன் சேவ்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் கேமின் பெயரிலேயே இருக்கும். ஸ்கைரிமுக்கு அதே டாக்குமெண்ட்ஸில் 'மை கேம்ஸ்' உள்ளே. பால்டர்ஸ் கேட் 3-க்கு ஆப்டேட்டாவில் லோக்கல், அதற்குள் லேரியன் ஸ்டூடியோஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் என்பதால் மறைந்த கோப்புகளைக் காட்டும் தேர்வைப் போட்டுத் தேடுங்கள். பென்டிரைவில் போட்டு, கேமின் பெயரோடு தேதியையும், மேலே சொன்ன குறிப்பையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேர்த்து வையுங்கள். திரும்ப இன்ஸ்டால் செய்யும்போது கிளவுடில் இருப்பதா கணினியில் இருப்பதா என்று கேட்டால், தேதியைப் பார்க்காமல் எதையும் அழுத்தாதீர்கள். தவறான பக்கத்தை அழுத்தினால் பழைய சேவ் புதியதை மூடிவிடும். பென்டிரைவ் இருந்தால் மட்டுமே அதைத் திரும்ப எடுக்க வழி உண்டு.